மூன்றாவது தடவை கூப்பிட்டால்

திங்கட்கிழமை காலையானால் தௌசீப் அகமது கூப்பிடுவான். மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது; மனுஷன் இன்னும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

"கேஸ் ஏறுது. வெளிய வாங்க."

ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருக்கும். மறுபடியும் அதே குரல், அதே அவசரம். அதற்குப் பிறகு சங்கு ஊதும். ஹஃப்ஸா பெட்டியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அதை நிறுத்துவாள். பரிசோதனை சரி என்று போனில் பதிந்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இருக்காது.

தௌசீப் அவளுடைய அண்ணன். பெட்டி இருப்பது ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் பின்பக்கம், கழிவுநீர்த் தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில், ஆள் உயரக் கம்பத்தில். அவன் செத்ததும் அந்தத் தொட்டிக்குள்தான். தொட்டிக்கு அப்பால் கம்பெனியின் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, சந்துக்கு எதிரே அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல்.

பெட்டி வந்த கதை கொஞ்சம் நீளம். 'நிலையான வளர்ச்சிக்கான பொறியியல் தீர்வுகள்: பன்னாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுக் கூட்டுறவு' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர், ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவனுக்குப் பரிசு கொடுக்கலாம். பணம் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மூளை பாதி அங்கே, பாதி வேலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில். நாற்றம் முழுக்க இங்கே. எம்.டெக். முடித்த ஹஃப்ஸாவைக் கல்லூரி களப் பொறியாளராக வேலைக்கு எடுத்தபோது, "ஊர்ப் பொண்ணு, மூக்கு பழகியிருக்கும்" என்று தௌசீப் கேலி செய்தான்.

அவன் அந்தக் கம்பெனியில் கழிவுநீர்ப் பகுதிக்கு சூப்பர்வைசர். தொட்டிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் பம்புக்குச் சட்டம் தெரியாதே. தோலிலிருந்து உதிர்ந்த மயிரும் சுண்ணாம்புச் சேறும் சவ்வும் போய் அதன் வாயை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கம்பெனியே நிற்கும். நின்றால் யாராவது ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். சுண்ணாம்புத் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் தொட்டியில் கலந்தால் கேஸ் கிளம்பும். அழுகின முட்டை வாடை அடிக்கிற வரைக்கும் பயமில்லை. வாடை சட்டென்று நின்றுபோனால்தான் ஆபத்து. கேஸ் போகவில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

மனிதனுக்குப் பதிலாக இறங்கிச் சேற்றை உறிஞ்சும் இயந்திரம் இரண்டாம் கட்டத்தில் வரும். அதுவரை ஆட்களைக் காப்பாற்ற இந்தப் பெட்டி. கேஸை முகர்ந்து பார்த்துக் கூப்பிடும். சங்கு மட்டும் போதாது என்று சொன்னவர் நெதர்லாந்துப் பேராசிரியை டாக்டர் இங்க்ரிட். தோல் கம்பெனியில் ஷிஃப்டுக்கு ஒரு சங்கு, பாய்லருக்கு ஒரு சங்கு, கரண்ட் போனால் ஒரு சங்கு. எவன் தலையைத் தூக்கிப் பார்க்கிறான்? தெரிந்த ஆளுடைய குரல் கூப்பிட்டால் கால் தானாக நகரும் என்று அந்த அம்மாள் பல ஊர்களில் சோதித்துப் பார்த்திருந்தார். தெரிந்த ஆள் என்றால் இங்கே யார்? தௌசீப் பாய்தான்.

ஆபீஸ் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தார்கள். ஹஃப்ஸாதான் மைக்கைப் பிடித்திருந்தாள். முதல் தடவை அவன் பாதியிலேயே சிரித்துவிட்டான்.

"நான் இன்னா ரேடியோக்காரனா?"

"ஒழுங்கா சொல்லு பாய்ஜான். உன் ஆளுங்க உயிரு."

அதற்கப்புறம் ஒழுங்காகச் சொன்னான்.

பெட்டி தயாராகி, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஒரு சின்ன உறுப்புக்காகக் கல்லூரி ஆய்வகத்தில் காத்திருந்த சமயத்தில்தான் பம்பு அடைத்துக்கொண்டது. வீரபாகு இறங்கினார். இருபது வருஷமாக இறங்குகிறவர், அன்றைக்கு உள்ளே போனதும் துணி மாதிரி சரிந்தார். தௌசீப் முகமூடியைத் தேடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. குதித்தான். வீரபாகுவின் அக்குளில் கயிறு கட்டி மேலே தள்ளிவிட்டான். மேலே நின்றவர்கள் அவரை இழுத்துப் போட்டுவிட்டு அதே கயிற்றை மறுபடி விட்டபோது, கீழே அதைப் பிடிக்கக் கை இல்லை.

வீரபாகு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். பெட்டியும் வந்தது. வீடியோவில் டாக்டர் இங்க்ரிட் கண் கலங்கிக்கொண்டு, குரலை மாற்றிவிடலாமா என்று கேட்டார். குடும்பத்துக்குச் சம்மதமா என்றும் கேட்டார்.

"சம்மதம்" என்றாள் ஹஃப்ஸா. குடும்பம் என்றால் அவளும் அவளைப் பெற்ற அம்மியும்தான். அம்மியிடம் அவள் கேட்கவில்லை.

மறைக்க என்ன இருக்கிறது, அவளுக்கு மனசு வரவில்லை. அண்ணன் அனுப்பிய ஆடியோக்கள் போனில் நிறைய இருந்தன. பால் வாங்கி வா, பஸ்ஸில் ஏறிவிட்டேன், அந்தச் சட்டை எங்கே என்று. அவை பழைய பேச்சு. போட்டுக் கேட்டால் அழுகைதான் வரும். இது அப்படியில்லை. இது இன்றைக்கும் வேலைக்குப் போய் வருகிற குரல்.

அம்மிக்கு முனவ்வர் பேகம் என்று பெயர். மகனைச் சுமந்த ஜனாஸா வாசலைத் தாண்டிய நாளிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், அமிர்திக் காட்டுப் பக்கம் காற்றாடப் போய் வரலாம் என்றுகூட ஹஃப்ஸா சொல்லிப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆனால் திங்கட்கிழமை காலையில் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். குரல் வரும். சங்கு வரும். ஜன்னலை மூடிவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹஃப்ஸாவும் கேட்டதில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது, மழைக்காலம் முடிந்து பம்பு மறுபடி அடைத்துக்கொள்கிற வரைக்கும்.

இந்தத் தடவை எல்லாம் முறையாகத்தான் நடந்தது. தொட்டியை வடித்தார்கள், காற்று ஊதினார்கள், இடுப்புக் கயிறு கட்டினார்கள். வீரபாகுவும் பெருமாளும் இறங்கினார்கள். பெருமாளுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மூச்சு முட்டுகிறது என்று அவன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சேற்றைக் கிளறியதும் அடியில் அடைபட்டிருந்த கேஸ் கிளம்பியது. பெட்டி முகர்ந்தது.

"கேஸ் ஏறுது. வெளிய வாங்க."

ஹஃப்ஸா தொட்டியின் வாயில் நின்று எட்டிப் பார்த்தாள். கீழே இருவரும் அசையவில்லை. மண்வெட்டி பிடித்த கை அப்படியே நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். குரல் மறுபடி கூப்பிட்டது. அப்போதும் நகரவில்லை. சங்கு ஊத ஆரம்பித்ததும் அடி வாங்கினவர்கள் மாதிரி பதறி ஏணியைப் பிடித்தார்கள். வீரபாகு ஏறிவிட்டார். பெருமாள் பாதி ஏணியில் கையை விட்டான்.

கயிறு இருந்ததால் பிழைத்தான். தரையில் கிடந்து வாந்தி எடுத்தான், கண் செருகிப் போயிருந்தது. அவனுடைய புதுப் பெண்டாட்டி ஆட்டோவில் வந்து இறங்கி, அழக்கூடத் தெரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹஃப்ஸாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பம்பு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன் நின்றீர்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒரு பதில் வந்தது. காது அடைத்துப்போச்சு என்றார்கள். சேற்றில் கால் மாட்டிக்கொண்டது என்றார்கள். முகமூடிக்குள் ஒன்றும் கேட்கவில்லை என்றார் வீரபாகு, தரையைப் பார்த்துக்கொண்டே. முதலாளி முனீர் அகமது நல்ல மனுஷர்தான், அவரும் பேஜாராகிப்போய், "பொட்டி இருக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் போனான். இருந்தும் ஒருத்தன் போவ இருந்தான். அப்புறம் இன்னாத்துக்குமா இது?" என்றார். 

டாக்டர் இங்க்ரிட் திட்டவில்லை. அடுத்த மாதம் நேரடி ஒத்திகை ஒன்றை வீடியோவில் பார்ப்பதாகச் சொன்னார். ஆட்கள் குரலுக்கு வெளியே வந்தால் பாலாற்றங்கரை நெடுகப் பல கம்பெனிகளுக்குப் பெட்டி போகும், உறிஞ்சும் இயந்திரமும் வரும். வராவிட்டால் இந்த முறையைக் கைவிட வேண்டியதுதான். "கைவிடுவது தப்பில்லை ஹஃப்ஸா. வேலை செய்யாத எச்சரிக்கையை நம்பி ஆளை இறக்குவதுதான் தப்பு" என்றார். நியாயமான பேச்சு. 

விடை தெரிந்தது கம்பெனியில் அல்ல, வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்.

உச்சிவெயில் நேரம். ஹஃப்ஸா ஒரு வாய்தான் வைத்திருப்பாள். பின்பக்கச் சந்திலிருந்து, "ஹஃப்ஸா" என்று ஒரு பெண்குரல். அவள் கை தட்டில் நின்றது. வாய் மூடிக்கொண்டது. எதிரே கரண்டியைப் பிடித்திருந்த அம்மியும் அசையவில்லை. மறுபடியும் "ஹஃப்ஸா". இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பேசவில்லை.

"ஏ ஹஃப்ஸா, காது இன்னா அடைச்சுக்கிச்சா? பாத்திரம் குடுத்துட்டுப் போறேன், வா."

"தோ வந்துட்டேன்" என்று இருவர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது. அடுத்த வீட்டுக் கௌசர்தான். வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

ஹஃப்ஸா பாத்திரத்தை வாங்கினாள். அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே சந்தில் நின்றாள். 

அந்தத் தெருவில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது சொல்லித்தர வேண்டியதில்லை. உச்சிவேளையிலோ விளக்கு வைக்கிற நேரத்திலோ, முகம் தெரியாத இடத்திலிருந்து பேர் சொல்லியோ 'வா' என்றோ கூப்பிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை கூப்பிடும், விட்டுவிடு. இரண்டாவது தடவையும் விட்டுவிடு. உயிர் இல்லாததற்கு இரண்டு தடவைக்குத்தான் மூச்சு. மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது நம்மைப் போல உயிருள்ள ஆள். அப்போது பதில் சொல்லாமல் இருப்பதுதான் பாவம். குழாயடியில் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டுகிற வீடுகள்கூட இந்த ஒன்றில் ஒத்துப்போகும். இதில் இந்து முஸ்லிம் என்று பேதமே கிடையாது.

பெட்டி இரண்டு தடவைதான் கூப்பிடுகிறது. அப்படித்தான் செய்து அனுப்பியிருந்தார்கள். அதுவும் யார் குரலில்? அவன் செத்த அதே குழியின் வாயிலிருந்து.

சாயங்கால டீ நேரத்தில் வீரபாகுவைத் தனியாகப் பிடித்தாள். பம்பு ரூம் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எப்டி மேடம் உங்ககிட்ட சொல்றது. உங்க அண்ணன் அவரு."

"சொல்லுங்கண்ணே."

"என்னத் தூக்கி மேல வுட்டுட்டு அங்கயே நின்னுட்ட மனுஷன். அவரு கூப்ட்டா நான் போவ மாட்டனா? போவணும்னுதான் இருக்குது. ஆனா கால் வர்ல. வெளிய வாங்கன்றாரு. எந்த வெளிய? நம்ம இருக்கற வெளியவா, அவரு இருக்கற வெளியவா? அது தெரியாத எப்டி ஏணியில கால வெக்கிறது?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சங்கு ஊதுனா பிரச்ன இல்ல. சங்குக்கு உயிரும் இல்ல, சாவும் இல்ல."

"குரல மாத்திட்டா?"

"மாத்திடுங்க மேடம். நீங்களே பேசுங்க. உங்க குரல் எங்களுக்குத் தெரியாததா?"

"பாக்கறேன்" என்றாள் ஹஃப்ஸா.

பார்த்தாள். ஐந்து நிமிஷ வேலை. பெட்டியைத் திறந்து, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும். பழையது போய்ப் புதியது ஏறிவிடும். விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். எடுத்துவிட்டாள். இன்னொரு நாள் வைத்தாள், அன்றைக்கும் எடுத்துவிட்டாள்.

ஒத்திகை நடக்க இருந்த வாரம், திங்கட்கிழமைப் பரிசோதனை முடிந்ததும் ஒரு காரியம் செய்தாள். நல்ல பொறியாளர் செய்கிற காரியம் என்றும் சொல்லலாம், அண்ணனை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற தங்கை செய்கிற காரியம் என்றும் சொல்லலாம். இரண்டு தடவை கூப்பிடுவதை மூன்றாக்கினாள். மூன்று தடவை கூப்பிட நேரம் ஆகுமே, அதற்காகக் கேஸ் இன்னும் கம்மியாக இருக்கும்போதே பெட்டி விழித்துக்கொள்கிற மாதிரி அளவைக் குறைத்து வைத்தாள். இனி அவன் உயிருள்ளவன் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுவான். ஆட்கள் வருவார்கள். குரலும் இருக்கும்.

வீரபாகுவிடமும் மற்றவர்களிடமும் சொன்னாள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, "மூணு தடவன்னா சரி மேடம்" என்றார்கள். டாக்டர் இங்க்ரிட் காரணத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை; உள்ளூர் நம்பிக்கைக்கு ஏற்ற வடிவமைப்பு என்று அறிக்கையில் ஒரு தலைப்பே போட்டார். ஆனால் கடைசியில், "குரலையே மாற்றுவது இதைவிடச் சுலபம் இல்லையா?" என்றார். ஹஃப்ஸா நெட் சரியில்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஒத்திகை நாளன்று லேப்டாப்பைப் பிளாஸ்டிக் நாற்காலிமேல் வைத்துத் தொட்டியைப் பார்க்கத் திருப்பியிருந்தார்கள். திரையில் டாக்டர் இங்க்ரிட், பக்கத்தில் இன்னும் இரண்டு வெள்ளைக்கார முகங்கள். முனீர் அகமது இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். தொட்டி சுத்தமாக வடிக்கப்பட்டு, காற்றும் ஊதப்பட்டிருந்தது. முகமூடியும் கயிறுமாக வீரபாகு, பெருமாள், இன்னொருவர் என மூன்று பேர் உள்ளே. பெருமாள்தான் வருகிறேன் என்று அடம் பிடித்து வந்திருந்தான். குரலுக்கு மட்டும் வருகிறார்களா என்று பார்க்கச் சங்கை நிறுத்தி வைத்துவிட்டு, ஹஃப்ஸா சின்ன சிலிண்டரிலிருந்து சோதனைக் கேஸைப் பெட்டியின் மூக்கில் விட்டாள்.

"கேஸ் ஏறுது. வெளிய வாங்க."

உள்ளே சத்தமில்லை. மதிலில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துபோனது.

"கேஸ் ஏறுது. வெளிய வாங்க."

அப்போதும் சத்தமில்லை.  பெட்டி வந்ததிலிருந்து முதல் முறையாக, மூன்றாவது தடவையும் அவன் கூப்பிட்டான்.

ஏணி அதிர்ந்தது. பெருமாளின் தலை தெரிந்தது, பின்னால் இன்னொருவர், கடைசியாக வீரபாகு. மூவரும் மேலே வந்து முகமூடியைக் கழற்றினார்கள். திரையில் கை தட்டினார்கள். முனீர் அகமது யாரையோ பாதாம் பால் வாங்கி வர விரட்டினார். ஹஃப்ஸாவுக்கு உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது, சந்தோஷத்தில்தான்.

அப்போது சந்துப் பக்கம் மதிலில் இருந்த சின்ன இரும்புக் கதவை யாரோ உள்ளே தள்ளினார்கள்.

முனவ்வர் பேகம். புர்கா இல்லை. புடவை முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டிருந்தாள். ஒரு காலில்தான் செருப்பு. முழங்கை வரைக்கும் மாவு. "வர்றேன் பேட்டா, வர்றேன்" என்று மெதுவாக, அவசரப்படுகிற பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஹஃப்ஸாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷமாக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மி நின்றது அவன் குரலைக் கேட்க அல்ல. மூன்றாவது தடவை கூப்பிடுகிறானா என்று பார்க்க. மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தியிடம் அவள் சொல்லவே இல்லை.

அம்மி நேராகத் தொட்டியின் வாய்க்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டோம்மா" என்றார் வீரபாகு.

மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இன்னும் ஒருத்தன் வரணும்" என்றாள்.

முனீர் அகமது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதாம் பாலோடு வந்தவன் வந்த இடத்திலேயே நின்றான். ஹஃப்ஸா போய் அவள் தோளைத் தொட்டாள்.

"அம்மி, வீட்டுக்குப் போலாம் வா."

"இரு. மூணு தடவ கூப்ட்டான். நீயும் கேட்டல்ல?"

"அது பொட்டி, அம்மி."

"பொட்டின்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவ கூப்டறப்போ எல்லாம் பொட்டின்னுதானே கம்முனு இருந்தேன்."

ஹஃப்ஸா அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள். 

அம்மி குனிந்தாள். இருட்டைப் பார்த்து, "தௌசீப்" என்றாள். "எல்லாரும் வந்துட்டாங்க. நீயும் வா."

தொட்டி அவள் குரலைக் கொஞ்சம் கனமாக்கித் திருப்பிக் கொடுத்தது. காதைச் சாய்த்துக் காத்திருந்தாள். "தௌசீப்" என்று மறுபடி கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிடுகிறவள் குரல்தான் அது. சுற்றி நின்ற ஒருவரும் அசையவில்லை. அடுத்தது மூன்றாவது தடவை என்று எல்லாருக்கும் தெரியும். உயிரோடு இருக்கிற ஒரு தாய் மூன்றாவது தடவை கூப்பிட்டால், பதில் சொல்லாமல் இருப்பது பாவம் என்றும் தெரியும்.

"தௌசீப்."

"தோ வந்துட்டேம்மா" என்றார் வீரபாகு.

அம்மி நிமிர்ந்தாள். மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிய மனுஷர், நெற்றியில் சுண்ணாம்பு, கன்னத்தில் கண்ணீர். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அடி வாங்கத் தயாராக நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். அவள் அவரைத் தெரியாதவள் இல்லை. யாருக்குப் பதிலாக யார் மேலே வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இவ்ளோ நேரமா?" என்றாள்.

"ஆய்டுச்சும்மா."

மாவுக் கையாலேயே அவர் நெற்றியைத் துடைத்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்து இரும்புக் கதவுப் பக்கம் அழைத்துப் போனாள். அவர் கூடவே போனார், இடுப்புக் கயிறு தரையில் இழுபட.

பெட்டியை நிறுத்த யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அதன் மூக்கில் கேஸ் இன்னும் மிச்சம் இருந்தது. அம்மி கதவைத் தாண்டும்போது அது மறுபடி ஆரம்பித்தது.

"கேஸ் ஏறுது. வெளிய வாங்க."

அம்மி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது சந்துக்குப் போயிருந்தாள். பெருமாள் பயந்துபோய் ஹஃப்ஸாவைப் பார்த்தான். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவனைப் போக விடாமல், வாராவாரம் கூப்பிட வைத்துப் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். ஒரு தடவைகூட அவள் பதில் சொன்னதில்லை.

மூன்றாவது தடவை அவன் கூப்பிட்டான்.

"வந்துட்டேன் பாய்ஜான்" என்றாள் ஹஃப்ஸா. வாய்விட்டு, எல்லாரும் கேட்கத்தான் சொன்னாள்.

பிறகு பெட்டியைத் திறந்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஒரு தடவை இருமிக்கொண்டாள். திரையில் டாக்டர் இங்க்ரிட் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஹஃப்ஸா சொல்லி முடித்துப் பொத்தானை விட்டாள். பழையதை என்ன செய்யட்டும் என்று பெட்டி அவளைக் கேட்கவில்லை.

பதிந்துவிட்டால் போட்டுப் பார்க்க வேண்டும், அது முறை. சோதனைப் பொத்தானை அழுத்தினாள். பின்கட்டு முழுக்க அவள் குரல் கரகரப்பாகக் கேட்டது.

"கேஸ் ஏறுது. வெளிய வாங்க."

அடுத்தது வருவதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் சமையலறை ஜன்னல் திறந்தது.

"இன்னா ஹஃப்ஸா?" என்றாள் அம்மி. "தோ வர்றேன் இரு, இவரு கைக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்கேன்."